பதினோராவது நாற்காலி

மந்திரி வந்தால் முதல் நாற்காலி யாருக்கு, கடைசி நாற்காலி யாருக்கு என்பது அறுபதுகளில் கொடைக்கானலில் என் கையில்தான் இருந்தது. நான் சாதாரண கிளார்க். ஆனால் அரசாங்கத்தின் பதவி வரிசைப் பட்டியல் எனக்குத் தலைகீழாகப் பாடம். கலெக்டருக்கு முன்னால் யார், போலீஸ் சூப்பிரண்டுக்குப் பின்னால் யார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கர்வம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு மலைக்கிராமத்துக்கு ரோடு போட்டார்கள். திறந்து வைக்க மந்திரி வருகிறார். அதற்கு முதல் நாள் காலையில் வெள்ளனே அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் ஆபீசுக்கு வந்தார். ரோட்டுக்காகத் தன் காப்பித் தோட்டத்தில் பாதியை விட்டுக்கொடுத்த மனிதர்.

"தம்பி, எனக்கு எங்கன எடம் போட்டிருக்கீங்க?"

பட்டியலில் பத்துப் பேர். பஞ்சாயத்துத் தலைவருக்கு அதில் இடமே கிடையாது. "பொதுமக்களோடதாங்க" என்றேன் வெடுக்கென்று.

அவர் முகம் செத்துப்போனது. "தோட்டத்தையும் குடுத்துட்டுத் தரையில உக்காந்தான்னு ஊரே சிரிக்குமே! நாளைக்கு நான் ஒரு சோலி சொன்னா எவன் கேப்பான்?"

நியாயம்தானே! எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. ஊர் சார்பில் மந்திரியை வரவேற்க ஒருவர் வேண்டும்; அவர் மேடையில் உட்காரப் பட்டியல் தேவையில்லை. மந்திரிக்குப் பக்கத்திலேயே பதினோராவது நாற்காலியைப் போட்டேன். எங்கள் அதிகாரி முறைத்தார். "விதிப்படி தப்பிருந்தா காட்டுங்க சார்" என்றேன். நாற்காலி போட்ட இடத்திலேயே இருந்தது.

மறுநாள் தலைவர் கஞ்சி போட்ட வேட்டியில் வந்து ஜம்மென்று உட்கார்ந்தார். ஊர் கைதட்டியது. அதன் பிறகுதான் என் மடத்தனம் தெரிந்தது. தேநீரும் பதவி வரிசைப்படிதான் போகும். தேநீர் கொடுக்கும் ஆபீஸ் சேவகர் டபேதாரிடம் நான் எழுதிக் கொடுத்திருந்ததோ பழைய சீட்டு. பத்துப் பேர், பத்துக் கோப்பை. மந்திரிக்குக் கொடுத்தார், தலைவரைத் தாண்டினார், அடுத்தவரிடம் போனார். தலைவர் மடியில் கைவைத்து நேராகப் பார்த்தபடி இருந்தார்.

"நம்மாளுக்கு இல்லையாமப்பா" என்றது ஒரு குரல்.

ஓடி மேடையேறினேன். தட்டில் மிச்சம் எங்கள் அதிகாரியின் கோப்பை ஒன்றுதான். அவர் கைகூட நீட்டிவிட்டார். அதை எடுத்துக்கொண்டு போய்த் தலைவர் கையில் கொடுத்தேன். "குடிங்கய்யா." அவர் ஊர் பார்க்க, நிதானமாக, ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

மேலதிகாரியை அவமதித்தது ஏன் என்று மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன்; மன்னிப்பு எழுதவில்லை. அந்த மாதமே கீழ்நாட்டுக்கு மாற்றல்.

பெட்டியும் கையுமாக, நெரிசலில் நின்றபடியே பஸ்ஸில் மலையிறங்கினேன். பண்ணைக்காட்டு ரோடு பிரிகிற இடத்தில் தலைவர் ஏறினார். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். டிரைவர் பக்கத்து முன்சீட்டில் அவருடைய மச்சான் உட்கார்ந்திருந்தார்.

"எந்திரி மாப்ளே" என்றார் தலைவர். "நம்ம ஊருக்காரரு நின்னுக்கிட்டு வர்றாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. போய் உட்கார்ந்தேன்.