கண்ணைக் கசக்காதவர்

திருகோணமலை இறங்குதுறையில் மூதூர்ப் படகுக்காகக் காத்திருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். வெயிலில் கறுத்த, பருத்த உடம்பு. கடற்காற்றில் கண்களிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அவரோ இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"கண்ணைத் துடையுங்கோ நானா," என்றேன்.

"ஏலாது தம்பி. ரெண்டும் லேசர் செஞ்ச கண். கண்ணாடியில உப்புத்தண்ணி படிஞ்சா படகு ஓட்ட ஏலாதெண்டுதான் செஞ்சனான். கருவிழியைச் சீவித்தானே பார்வையைத் திருத்துறாங்க. மிஞ்சினது மெல்லிசு, கசக்கக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். ஆனா உப்புத்தண்ணி அடிச்சா கசக்கிறது எங்கட கைப்பழக்கம். கசக்கிக் கசக்கி வலக்கண் கருவிழி முன்னுக்குப் பிதுங்கிப் போச்சு. அந்தக் கண்ணால பாத்தா எல்லாம் ரெண்டாத் தெரியுது. இடக்கண் இன்னும் சரி."

தூரத்தில் படகு தெரிந்தது. அவர் ஒரு கையை எடுத்து, தொடாமல் வலக்கண்ணை மறைத்துக்கொண்டு இடக்கண்ணால் மட்டும் பார்த்தார்.

"எத்தினை படகு வருது?"

"ஒண்டுதான்."

அவர் கையை இறக்கவில்லை. இடக்கண்ணை இடுக்கி இடுக்கிப் படகையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "வடிவாப் பாத்துத்தான் சொல்லுறீங்களா தம்பி?"

இப்போதும் அந்தத் துறைக்குப் போனால், வருகிற படகை நான் இரண்டு தரம் எண்ணிப் பார்க்கிறேன்.