ஒன்றைக் கழற்றினால் இன்னொன்று ஓடாது

நான் பொய் சொன்னேன். என் நண்பனின் தங்கைக்குக் கிடைத்திருக்க வேண்டிய கிராபிக்ஸ் கார்டை, ஒரு பொய்யைச் சொல்லி என் கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். ஏழு வருடம்! அந்தக் கார்டு அங்கே ஒரு வேலையும் செய்யவில்லை என்பது பொய் சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

இது ஒரு பெரிய குற்றமா என்று நீங்கள் கேட்கலாம்... கொலையா, கொள்ளையா? நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். முழுவதையும் கேளுங்கள்.

ஜமுனாமரத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கோவிந்தன் பக்கத்து மலைக்கிராமத்துக்காரன். சாமை விதைக்கிறான், புளியும் உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. இருவருக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டில் பைத்தியம். திரையில் படம் தடையில்லாமல் ஓட கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று, வேலூருக்குப் போய் ஒரே மாடலாகப் பார்த்து ஆளுக்கொரு கார்டு வாங்கினோம். கடையின் பின்னறையில் இருந்த என் கம்ப்யூட்டரில் இரண்டையும் அடுத்தடுத்து மாட்டினோம்.

"ரெண்டு மாடு பூட்டியாச்சு. இனிமே பிச்சிக்கினு போவும் பாரு" என்றான் கோவிந்தன்.

எங்கே போயிற்று! கார் பந்தயம் ஆடினால் வளைவுக்கு வளைவு படம் திக்கித் திக்கி நின்றது. நிழல்கள் விட்டுவிட்டு மின்னின. சில நேரம் திரையே கறுத்துவிடும். பவர் சப்ளையை மாற்றினேன். இரண்டு கார்டையும் இணைக்கும் பட்டையை மாற்றினேன். கார்டை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்து அழித்து ஏற்றினேன்... ஒருநாள் தனியாக இருந்தபோது, செட்டிங்கில் இரண்டாவது கார்டின் வேலையை நிறுத்திவிட்டு ஆடிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது! நாங்கள் ஆடிய விளையாட்டுகளுக்கு இரண்டு கார்டைச் சேர்த்து வேலை வாங்கவே தெரியாது. ஒன்று இருந்தால் போதும்.

கோவிந்தனிடம் சொன்னேனா? இல்லை. "எப்டிடா சரி பண்ண?" என்று வாயைப் பிளந்தான். "செட்டிங்ல ஒரு சின்ன விஷயம்டா" என்றேன். மலையிலேயே இரட்டைக் கார்டு கம்ப்யூட்டர் என்னுடையதுதான் என்று ஊரெல்லாம் பீற்றியிருந்தேனே! இரண்டு விசிறிகளும் சிவப்பு விளக்கோடு சுற்றுவதைக் கம்ப்யூட்டர் பெட்டியின் கண்ணாடி வழியே பார்க்க ஆட்கள் வந்துபோனார்கள். அதில் ஒன்று வெறும் அலங்காரத்துக்குச் சுற்றுகிறது என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

அந்தச் சமயத்தில்தான் கோவிந்தனின் தங்கை பூங்கொடி கடைக்கு வந்தாள். வேலூரில் அனிமேஷன் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருடப் படத்துக்காக ஒரு கரடியை உருவாக்கியிருந்தாள். பலா மரத்தடிக்கு வந்து மூக்கைத் தூக்கி மோப்பம் பிடிக்கும் கரடி. அதன் ரோமம் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைய வேண்டும். அந்த ரோமத்தைத் தாங்க முடியாமல் அவள் வீட்டுக் கம்ப்யூட்டர் பாதியிலேயே நின்றுவிடும். கல்லூரியிலோ நான்கு பேருக்கு ஒன்றுதான்.

"அண்ணா, எங்கண்ணன் கார்டை மட்டும் ரெண்டு மாசத்துக்குக் கழட்டித் தர்றீங்களா? படம் முடிஞ்சதும் குடுத்துட்றேன்."

கோவிந்தன் என் பக்கத்தில்தான் இருந்தான். "எடுத்துக்கினு போவட்டும்டா" என்றான்.

"ஒண்ணைக் கழட்டினா இன்னொண்ணு ஓடாது. ஜோடி சேத்தாச்சு. பிரிச்சா ரெண்டும் வீணாப் போய்டும்." யோசிக்கக்கூட இல்லை நான்... நாக்கு தானாகச் சொன்னது.

"எங்க காலேஜ்ல ஒண்ணுதாண்ணா போட்டுக்கீறாங்க. ஓடுதே?"

"அது வேற, இது வேற."

கம்ப்யூட்டர் விஷயத்தில் மலையில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. "அப்ப வுடு பூங்கொடி" என்றுவிட்டான் கோவிந்தன். அன்று சாயங்காலமே நாங்கள் இருவரும் கார் பந்தயம் ஆடினோம்.

பூங்கொடி ரோமமில்லாத கரடியோடு படத்தைக் கொடுத்தாள். மழித்துவிட்ட பன்றி மாதிரி இருந்ததாம், வகுப்பே சிரித்ததாம். வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு அவளை விட்டுவிட்டார்கள். இதையெல்லாம் கோவிந்தன்தான் என்னிடம் வருத்தத்தோடு சொன்னான். நான் 'ச்சூ' கொட்டினேன்! ஆம், கொட்டினேன்.

போன மாதம் சட்டை எடுக்கச் செங்கம் போனேன். ஜவுளிக்கடையில் பில் போடும் இடத்தில் பூங்கொடி இருந்தாள். அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தைக்கு, பில்லின் பின்பக்கத்தில் கரடி வரைந்துகொண்டிருந்தாள். ரோமம் ஒவ்வொன்றாக... பேனாவால்! நான் சட்டை எடுக்காமலே வெளியே வந்துவிட்டேன்.

அன்றைக்கே முடிவு செய்தேன். இனி மறைப்பதில்லை. இருவரிடமும் என் வாயாலேயே சொல்வது. கார்டைக் கழற்றித் தூசி துடைத்து, துணியில் சுற்றிக்கொண்டு அடுத்த வாரமே செங்கம் பஸ் ஏறினேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவளை ஜவுளிக்கடைக்கு வெளியே நிற்கவைத்துச் சொன்னேன். ஒரு வார்த்தைகூட விடவில்லை. பூங்கொடி கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு இப்ப டிரைவரே வர்றதில்லண்ணா. புது சாஃப்ட்வேர் எதுவும் இதுல ஓடாது."

பழைய விளையாட்டுகளையே ஆடிக்கொண்டிருந்த எனக்கு அது உறைக்கவே இல்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அவள் இன்னமும் அதையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள்!

"அன்னிக்கு இது சும்மாதான் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"சும்மாதான் இருந்துச்சும்மா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். கார்டை என் கையிலேயே வைத்தாள். "எங்கண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. ஜோடி கார்டுன்னு இன்னும் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கினு கீது" என்றுவிட்டு உள்ளே போனாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல வறுத்த கடலையோடு கோவிந்தன் வந்தான். மேசைமேல் கார்டைப் பார்த்ததும் பதறினான்.

"டேய், இன்னாடா கழட்டி வெச்சிக்கிற! அப்ப இன்னொண்ணும் ஓடாதேடா!"

எப்படித் தொடங்குவது என்று வாரம் முழுக்கச் சொல்லிப் பார்த்திருந்தேன். எதுவும் நினைவுக்கு வரவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டேன். ஒற்றை விசிறி சுற்றியது. கார் பந்தயம் திரையில் வந்து நின்றது.

"ஓடுது பாரு. எப்பவும் இப்டித்தான் ஓடிச்சு. பூங்கொடி வந்து கேட்ட அன்னிக்கும் இப்டித்தான்."

அவன் திரையைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான்.

"கரடி..." என்றான்.

கடலைப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் வண்டியை எடுத்தான். கார்டை எடுத்துப்போ என்று பின்னாலேயே ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

நாளை காலை அவன் வீட்டுக்குப் போவேன். கதவைச் சாத்தினால் மறுநாளும் போவேன். திட்டினாலும் அடித்தாலும் நின்று வாங்கிக்கொள்வேன். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் நீங்களே சொல்லுங்கள்... அந்தக் கரடிக்கு இனி நான் எங்கே போய் ரோமம் வாங்கி வருவேன்?