அருள்ராஜின் கம்ப்யூட்டரும் என் சட்டைப்பையும்

பக்கத்து வீட்டுப் பெண் காலேஜில் சேர்ந்ததற்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தாள். "மாமா, நீங்க இதுல பெரிய ஆளாச்சே, வந்து ஆரம்பிச்சு வெச்சுத் தாங்கோ" என்று கூட்டிக்கொண்டு போனாள். பாலக்காட்டுக் கல்பாத்தியில் எனக்கு இன்னும் அப்படி ஒரு பெயர் மிச்சமிருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் எந்த பாஷை, எந்த ஊர் என்று மரியாதையாகக் கேட்டது. நான் யோசிப்பதற்குள் அவள் என் தோளுக்கு மேல் கையை நீட்டி இரண்டு இடத்தில் தட்டினாள். முடிந்துவிட்டது. அவள் அம்மா கொண்டுவந்த காபி இன்னும் ஆறவில்லை.

அந்தக் காபியை நான் ரசித்துக் குடிக்கவில்லை. தெர்மோகோலுக்கு நடுவிலிருந்து ஒரு வாசனை வந்துகொண்டிருந்தது. புது சர்க்யூட் போர்டுக்கென்று ஒரு வாசனை உண்டு; பெயிண்டும் பிசினும் சேர்ந்து லேசாக வெயிலில் காய்ந்தது மாதிரி. மூணாறில் என் கடையில் அந்த வாசனையோடு ஈரமும் கலந்திருக்கும். பனி கதவைத் தட்டிவிட்டா வருகிறது? கம்ப்யூட்டருக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். எதிர்க்கடை அருள்ராஜ் தன் கேமரா லென்சுகளை வைத்திருந்த அலமாரிக்குள் எப்போதும் ஒரு சின்ன பல்பை எரியவிட்டிருப்பான், பூஞ்சை பிடிக்காமல் இருக்க. அந்த யோசனையை அவனிடமிருந்து திருடித்தான் நானும் என் அலமாரியில் பல்பு போட்டேன். அவன் அதைப் பார்த்துவிட்டு பஜார் முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

நான் மூணாறுக்குப் போனதே கம்ப்யூட்டருக்காகத்தான். பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. ஒரு தேயிலைக் கம்பெனியின் ஆபீசில், கம்ப்யூட்டர் என்பது ஏசி அறையில் இருக்கிற, செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்க்கிற பொருளாக இருந்த நாளில், அதற்கு நான்தான் பூசாரி. பிறகு அது எல்லார் மேஜைக்கும் வந்தது. பூசாரி வேண்டாம் என்றாகிவிட்டது. விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். விருப்பம் யாருடையது என்று கேட்காதீர்கள். ஊர் திரும்ப வெட்கப்பட்டுக்கொண்டு, பஜாரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை பிடித்து ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தேன்.

அருள்ராஜ் தேவிகுளம் பக்கம் ஒரு லயத்தில், தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். கல்யாண வீடுகளில் லைட்டு பிடித்துத் தொழில் கற்று, சொந்தமாக ஸ்டூடியோ போட்டிருந்தான். மனைவி மெர்ஸி அவனோடு உட்கார்ந்து ஆல்பம் அடுக்குவாள். எங்கள் பகைக்கு இன்னது காரணம் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அவன் கடைக்கு வருகிறவர்கள் என் வாசலை மறித்து வண்டியை நிறுத்தினார்கள். நான் வாசல் கழுவிய தண்ணீர் ரோட்டைக் கடந்து அவன் படியில் தேங்கியது. இப்படி எதையோ வைத்து வளர்த்தோம்.

"என்ன சாமி, இன்னைக்கு எத்தன மெஷினக் கொன்னீக?" என்று காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே கேட்பான்.

"நீ எத்தனை பேர் மூஞ்சிக்கு வெள்ளையடிச்சே?" என்பேன்.

கேட்கிறவர்களுக்கு இது வேடிக்கை. எங்களுக்கு இல்லை. அவன் காதில் விழும் என்று தெரிந்தே ஒரு நாள் டீக்கடையில் அவனை "லயத்துப் பய" என்று சொன்னேன். அவன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனான். அன்றிலிருந்துதான் பகை நிஜமானது.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் என் கடைக்குள் வந்து நின்றான். எப்படி வந்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். கொச்சியிலிருந்து ஒரு விளம்பரக் கம்பெனிக்காரர்கள் வந்திருந்தார்கள். இங்கே ஒரு ரிசார்ட்டுக்குப் படம் எடுக்க வேண்டும். முதல் படம் நன்றாக வந்தால் தொடர்ந்து இவனுக்கே வேலை. ஆனால் அவர்கள் எடிட்டிங் செய்கிற சாப்ட்வேர் ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் கம்ப்யூட்டரில்தான் ஓடும். அதன் விலைக்கு அருள்ராஜ் தன் ஸ்டூடியோவையே விற்க வேண்டியிருக்கும். தனித்தனி பாகங்களாக வாங்கிக் கோத்த கம்ப்யூட்டரில் அந்தக் கம்பெனியின் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றி ஓட்டுகிற கள்ள வழி ஒன்று இருக்கிறது என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"அம்மைக்கு ரிட்டயர்டு ஆகுது சாமி" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "எஸ்டேட்ல ஆள் பதியலன்னா வீட்ட ஒழிஞ்சு கொடுக்கணும். என்னய விட்டா மெர்ஸிதான். அவள மலைக்குக் கொழுந்து கிள்ள அனுப்ப மாட்டேன்னு சொல்லித்தான் கெட்டுனேன். இந்தப் படம் கெடச்சா டவுன்ல வாடகைக்கு எடுத்துருவேன்."

லயத்து வீடு வேலையோடு வருவது. வேலை போனால் அதுவும் போகும். குடும்பத்தில் ஒருவர் பேர் பதிந்துகொண்டே இருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. அந்தப் பேர்களைக் கம்ப்யூட்டரில் அடித்துப் போட்டவனே நான்தானே.

ஒப்புக்கொண்டேன். இரக்கத்தால் அல்ல. இவன் வந்து கேட்டுவிட்டான் என்கிற திருப்தியில்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். அந்தச் சிஸ்டம் கண் விழித்ததும் முதலில், தான் இருப்பது தன் கம்பெனி செய்த கம்ப்யூட்டரா என்று பார்க்கும். இல்லையென்றால் அங்கேயே உட்கார்ந்துவிடும். அது விழிப்பதற்கு முன்பே சின்னதாக ஒரு புரோகிராம் எழுந்து, "ஆமாம், இது உங்கள் கம்ப்யூட்டர்தான்" என்று பொய் சொல்ல வேண்டும். போர்டுக்கு ஒரு பொய், படம் காட்டுகிற கார்டுக்கு ஒரு பொய், சத்தத்துக்கு ஒரு பொய். ஒரு பொய் பிசகினாலும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மழையாக ஓடி, ஏதோ ஒரு வரியில் நின்றுவிடும். அந்த வரியை எழுதி வைத்துக்கொண்டு இன்டர்நெட்டில் தேடினால், ரஷ்யாவிலோ பிரேசிலிலோ ஒருவன் அதே வரியில் முட்டிக்கொண்டு நிற்பான். முகம் தெரியாத அந்தப் பேர்வழிகள் எனக்குப் பொறுமையாகப் பதில் எழுதினார்கள். எதிர்க்கடைக்காரனுக்கு அந்தப் பொறுமையில் ஒரு துளியும் என்னிடம் இல்லை.

ஏனென்றால் அவன் தினமும் வந்து பின்னால் நின்றான்.

"என்ன சாமி, எந்திரிக்குமா, இல்ல காரியத்துக்கு ஆள் சொல்லணுமா?"

"இது பௌதிகமாக்கும், கேட்டியா. வெளக்குப் புடிக்கற ஜோலியில்லை. வாய மூடிண்டு நில்லு."

"நிக்கேன். நின்னே கெழவனாயிருவேன் போல."

ஒரு நாள் திரை வந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து. இன்னொரு நாள் சத்தம் வந்தது, படம் ஊதா நிறத்தில் வந்தது. "மணவாட்டிக்கு மஞ்சக் காமாலைன்னா பாத்திருக்கேன் சாமி, இது என்ன வியாதி?" என்றான். என் ஸ்க்ரூடிரைவரை அவன் மேல் எறிந்தேன். அவன் அதைக் காலால் என் பக்கமே தள்ளினான். மெர்ஸி வாசலில் சாப்பாட்டு டப்பாவோடு நின்று, எங்கள் இருவரையும் ஒரே மாதிரி வெறுப்போடு பார்த்தாள்.

கடைசியில் எல்லாம் சரியாக வந்தது. சத்தம், படம், எல்லாம். அவன் நாற்காலியில் உட்கார்ந்து மவுசை அங்குமிங்கும் நகர்த்தினான். வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்வான் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காத்திருந்தேன்.

"பரவால்ல. பூசாரிக்கும் கொஞ்சம் வேல தெரியுது" என்றான்.

அங்கேதான் நான் அதைச் செய்தேன்.

பொய் சொல்கிற அந்தச் சின்னப் புரோகிராம் அதுவரை என் பெண்டிரைவில் இருந்தது. பெண்டிரைவைச் செருகினால்தான் கம்ப்யூட்டர் எழும். வேலை முடிந்ததும் அதை உள்ளே இருக்கிற டிஸ்கிலேயே பதிந்து வைத்துவிட வேண்டும். இந்தத் தொழில் செய்த எவனும் அப்படித்தான் செய்வான். ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. நான் செய்யவில்லை. பெண்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இது இல்லாம இது எழுந்துக்காது. தினம் கார்த்தால வந்து வாங்கிண்டு போ, கிளப்பிட்டுத் திருப்பிக் கொண்டாந்துடு" என்றேன்.

அவன் நம்பினான். தினமும் காலையில் ரோட்டைக் கடந்து வந்து, கை நீட்டி வாங்கிப் போனான். திரும்பக் கொண்டுவந்தான். நான் சில நாள் வேண்டுமென்றே போன் பேசிக்கொண்டிருந்து அவனை நிற்க வைத்தேன். நிற்பான். முன்பிருந்த கிண்டல் போய், வெறும் முறைப்பாக மாறியது. எனக்கு அந்த நாட்களில் இட்லி கூட ருசியாக இருந்தது. இதையெல்லாம் எழுதுவது எனக்குச் சுகமாக இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

கல்பாத்தித் தேர் வந்தது. உடுமலை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். மறையூர் தாண்டும்போது சட்டைப்பையில் கை பட்டது. பெண்டிரைவ். இறங்கி அடுத்த வண்டியில் திரும்பியிருக்கலாம். ஒரு நாள் தவிக்கட்டும் என்று நினைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் தேர் முக்குத் திரும்புகிற கூட்டத்தில் அவன் போன் வந்தது. படம் முடிந்துவிட்டது, கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. கொச்சிக்காரர்கள் ரிசார்ட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் காட்ட வேண்டும். அந்த டிஸ்கைப் படிக்க ஊரில் வேறு கம்ப்யூட்டர் இல்லை.

"சாமி, இன்னொண்ணு வச்சிருக்கீகளா? கடைக்குள்ள எங்கயாவது?"

இருந்தது. என் மேஜை டிராயரில், அதன் நகல் ஒன்று. கடைச் சாவி டீக்கடையில் கொடுத்திருந்தேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"கெடையாது. இது ஒண்ணுதான்."

"வேற ஒரு வழியும் இல்லையா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க சாமி. அம்மை பேர வெட்டப் போறாங்க."

அவன் என்னிடம் கெஞ்சியது அது ஒரு முறைதான். செண்டைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று பின்னால் என்னையே ஏமாற்றப் பார்த்தேன். நன்றாகக் கேட்டது.

"இல்லைன்னா இல்லை" என்று வைத்துவிட்டேன்.

படம் வேறு ஆளுக்குப் போயிற்று. அம்மாவின் பேர் எஸ்டேட்டில் வெட்டப்பட்ட இடத்தில் மெர்ஸியின் பேர் பதியப்பட்டது. நான் திரும்பி வந்தபோது அவள் ரப்பர் பூட்சும், இடுப்பில் படுதாவுமாக ஜீப்புக்குக் காத்து நின்றாள். என்னைப் பார்த்ததும் தரையில் துப்பினாள். வாயில் எதுவும் இல்லாமல் துப்பினாள்.

கொஞ்ச நாளில் அருள்ராஜுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கொச்சிக்காரர்களில் ஒருவன் சொல்லியிருக்கிறான். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தான்.

"உள்ளயே பதிஞ்சு வைக்கலாமாம்ல?"

"ஆமா."

"டீ குடிக்கிற நேரம்தானாம்ல?"

"ஆமா."

அடிப்பான் என்று கையை முகத்துக்குக் கொண்டுபோனேன். அவன் அடிக்கவில்லை. கம்ப்யூட்டரை என் படியில் வைத்தான். "இந்தா, வச்சுப் பூச பண்ணு" என்றான். முதல் முறையாக மரியாதை இல்லாமல். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. ஷட்டரைத் தூக்கும்போது எதுவும் கேட்கவில்லை. அந்த மௌனத்துக்கு எதிரே என்னால் ஒரு மழைக்காலம் கூடக் கடை வைத்திருக்க முடியவில்லை. கல்பாத்திக்கு வந்துவிட்டேன்.

இப்போது அந்தக் கம்பெனி தன் சிப்பையே மாற்றிவிட்டது. வேறு கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லித்தர இனி வழியில்லை. எனக்குப் பதில் எழுதிய ரஷ்யாக்காரனும் பிரேசில்காரனும் என்ன செய்கிறார்களோ. அந்தப் பக்கங்களைத் திறந்தால் கடைசியாக எழுதியவன் எப்போதோ போயிருக்கிறான்.

போன வருஷம் மூணாறுக்குப் போனேன். அவனைப் பார்க்கத்தான். ஸ்டூடியோ இருந்த இடத்தில் சாக்லேட் கடை. ஆள் ஜீப் ஓட்டுகிறான் என்றார்கள். லயத்துக்குப் போனேன். மெர்ஸி இருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. டிராயரில் இன்னொன்று இருந்ததை அவளிடம் சொன்னேன். அது அவர்களுக்குத் தெரியாது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நான் சுமந்து வந்தது அதைத்தான்.

"இருந்திருக்கும்னு டீக்கட அண்ணன் அன்னைக்கே சொன்னாரு" என்றாள். "சாவிய எடுத்து நீட்டுனாரு. தொறந்து தேடு, நாஞ் சொல்லிக்கிடுதேன்னாரு. இவருதான் வாங்கல."

"ஏன்?"

"சாமி இல்லன்னு சொல்லிட்டாருல்ல, பெறகு எதுக்குத் தொறக்கணும்னாரு. 'அந்த ஆளு வாய் நாறும், பொய் சொல்லாது'ன்னாரு." அவள் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே பேசினாள். இப்போதெல்லாம் கொழுந்தைக் கையால் கிள்ளுவதில்லை, கத்தரியால் வெட்டுகிறார்கள். "நாந்தான் தொறங்கன்னு கத்துனேன். எம் பேச்சக் கேக்கல, ஒங்க பேச்சக் கேட்டாரு. போங்க சாமி. அவரு வாறதுக்குள்ள போயிருங்க."

போனேன். அவனை எனக்கு இன்றும் பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவன் என்னை அவ்வளவு தூரம் நம்பியிருந்தான் என்பது எனக்குத் தெரியவே தெரியாது.

லயத்திலிருந்து இறங்குகிற ரோட்டில் எதிரே ஒரு ஜீப் வந்தது. பின்னால் டூரிஸ்டுகள். ஓட்டியது அருள்ராஜ், தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்தான். பழைய நாளாக இருந்தால் வண்டியை நிறுத்தி, ஊர் கேட்கத் திட்டியிருப்பான். நானும் வாயைத் திறந்து தயாராகத்தான் நின்றேன். அவன் வேகத்தைக் குறைத்தான். சேறு என் வேட்டியில் தெறிக்காதபடி, ஓரமாக நிற்கிற எந்தக் கிழவனுக்கும் செய்வதுபோல், வண்டியை ஒடித்து விலக்கிக்கொண்டு போனான்.