அத்தையின் பெயர்

பிளேக் வந்த வருஷம் அல்சூரைக் காலி செய்துவிட்டு, ஊருக்கு வெளியே மூங்கில் தட்டிக் கொட்டகைகளில் கிடந்தோம். எனக்கு ஏழு வயது. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் குரல் கொடுக்க வேண்டும், முதலில் கூப்பிடுவது நோயாகத்தான் இருக்கும், பதில் சொன்னால் பிடித்துக்கொள்ளும் என்று எல்லோரும் நம்பினார்கள். நான் ஐந்தாவது தடவைக்குக்கூட வாய் திறக்கமாட்டேன். அவ்வளவு தைரியசாலி.

அத்தை அப்பாவின் அக்கா. மாமா இறந்த பிறகு எங்களோடு இருந்தாள். விடிந்ததும் ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் நின்று, உள்ளே இருப்பவர்களைப் பெயர் சொல்லி மும்முறை கூப்பிடுவாள். பதில் வரும்வரை நகரமாட்டாள். சொந்தக்காரர்களே எட்டிப் பார்க்காத நாளில் இவளுக்கு ஏன் இந்த வேலை என்று அப்பா சத்தம் போடுவார். கடைசிக் கொட்டகையில் குப்பை அள்ளுகிறவள் தனியாக இருந்தாள். அவளை ஊரே 'ஏய்' என்றுதான் கூப்பிட்டது. அத்தைதான் பெயர் கேட்டாள், முனியம்மா என்று தெரிந்தது; தன்னையும் பெயர் சொல்லியே கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த முனியம்மா மட்டும் அத்தை கூப்பிட்ட முதல் தடவையிலேயே குரல் கொடுப்பாள்.

ஒரு நாள் அத்தைக்கே காய்ச்சல் கண்டது. எழுந்திருக்க முடியவில்லை.

"நீ போயி எல்லாரையும் கூப்டுட்டு வா கண்ணு. கடேசி வரைக்கும் போவணும்," என்றாள்.

போனேன். கடைசிக் கொட்டகையின் தட்டி சாத்தியிருந்தது. உள்ளே சத்தமே இல்லை. கூப்பிடாமலே ஓடிவந்து, எல்லோரும் பதில் சொன்னதாகப் புளுகினேன்.

மத்தியானம் வாசலில் ஒரு பெண்குரல் எனக்குத் தெரியாத ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அத்தை கண் திறந்தாள். அது அவள் பெயர் என்று அப்போதுதான் உறைத்தது. நோய்தான் வந்துவிட்டது என்று பாய்ந்து, இரண்டு கைகளாலும் அவள் வாயைப் பொத்தினேன். உள்ளங்கை கொதித்தது. அத்தை என் கைகளை விலக்கிவிட்டு, இரண்டாவது தடவைக்குக் காத்திராமல் பதில் சொன்னாள்.

"இருக்கேன் முனியம்மா."

"காலைல உன் கொரலு கேக்கலியே. அதான் பாக்க வந்தேன்."

அத்தை என்னைத் திட்டவில்லை. அழுதாள். செத்துவிடுவாள் என்று நானும் கூடவே அலறினேன்.

அவள் பிழைத்துவிட்டாள். காய்ச்சல் தாங்காமல்தான் அழுதாள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். எங்களுக்கு அவள் அக்கா, அண்ணி, அத்தை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய மூத்தவர்கள் எங்கள் வீட்டில் ஒருவரும் மிச்சமில்லை. எல்லோரையும் கூப்பிட்டவள் தன்னை ஒருவர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தாள் என்பதோ, அதற்குப் பதில் சொல்லவிடாமல்தான் நான் அவள் வாயைப் பொத்தினேன் என்பதோ எனக்கு அன்று தெரியவில்லை.