கழற்ற விடாத வேட்டி

என் புருஷனைக் கொன்றது நீங்கள்தான், டாக்டரே.

துறைமுகத்தில் அன்று பூச்சிமருந்து டின்கள் இறங்கின. டின்கள் ஒழுகி, தோளில் சுமந்த என் புருஷன் உட்பட எட்டுப் பேர் மேலும் மருந்து வழிந்தது. மத்தியானத்துக்குள் ஒவ்வொருவராகச் சுருண்டு விழுந்தார்கள். கைவண்டிகளில் போட்டு, ராயபுரத்தில் உங்கள் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சேதி கேட்டு நான் ஓடிவந்தபோது வராந்தாவில் வரிசையாகக் கிடந்தார்கள். வாந்தி. வாயில் நிற்காமல் எச்சில்.

வார்டு ஆள் சிரித்தான். "இன்னா மாமு, கும்பலா தண்ணி ஏத்திக்கினு வந்துகிறீங்க?"

மதுவிலக்குக் காலம். தள்ளாடுகிறவனைக் கண்டால் போலீசுக்கு ஆள் அனுப்புவது ஒன்றுதான் உங்களுக்குத் தெரிந்த வைத்தியம். குனிந்து மோந்து பார்த்தீர்கள். மருந்தில் ஸ்பிரிட் போல ஒரு நெடி.

"கள்ளச் சாராயம்," என்றீர்கள்.

"இல்ல சார், டின்னு ஒழுகி மேல ஊத்திக்கிச்சி," என்றான் வண்டிக்காரன். "இன்னா மருந்துன்னு கிடங்குல ஆள வுட்டு கேளு சார்."

"எல்லாக் குடிகாரனுக்கும் ஒரு கதை இருக்கும். போய்யா!"

என் புருஷன் என் கையைத் தடவிப் பிடித்தார். "இன்னாமே, அதுக்குள்ள இருட்டிக்கிச்சு?"

வெளியே வெயில் கொளுத்தியது.

அவர் வேட்டி நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது. அவிழ்க்கப் போனேன். "தொடாதே! போலீஸ் வரட்டும். அந்த நாத்தம்தான் சாட்சி," என்று கத்தினீர்கள்.

எட்டுப் பேரும் அந்தத் துணியோடே கிடந்தார்கள். மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் பயந்துபோய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள். அங்கே இருந்த டாக்டர் எங்கள்மேல் எரிந்து விழுந்தார். "தோல் வழியாவே உள்ள போற விஷம் இது! துணியைக் கழட்டி, சோப்பு போட்டு அப்பவே கழுவியிருக்க வேண்டாமா?" அதற்குள் என் புருஷனுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் முடிந்துவிட்டது.

குடித்தே செத்தான் என்று தெரு பேசியது. அவர் குடிக்காத உத்தமர் என்று நான் சொல்ல மாட்டேன். குடிப்பார். அன்று குடிக்கவில்லை.

உங்கள் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டீர்கள். அதே மருந்தை உங்கள் மேல் ஊற்றி, சட்டை பேண்டோடு அந்த வராந்தாவில் கிடத்திவைக்க வேண்டும். இன்றுவரை என் ஆசை அதுதான். அதை மறைக்க எனக்கு வெட்கமில்லை.

இப்போதும் அந்த டின்கள் இறங்குகின்றன. உங்கள் வாசலில் ஒரு குழாய் கிடையாது. சோப்பு கிடையாது. விஷத்தை முறிக்கிற மருந்தும் கிடையாது. அடுத்த கும்பல் வந்து விழுந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள், போலீசையா? ராயபுரம் மார்க்கெட்டுக்கு வாருங்கள். அந்த மூன்று பேர் பெண்டாட்டிகளும் நிற்கிறோம். ஜனங்கள் எதிரில் வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள்.