பிரேக் இல்லாமல் புளியரைக்கு

எங்கள் ஊர்ச் சைக்கிள்களுக்குப் பிரேக் கிடையாது. வறுமையால் அல்ல, விவரத்தால். புதுச் சைக்கிள் வந்து இறங்கியதும் மாலை போட்டு, பொட்டு வைத்து, தேங்காய் உடைப்போம். அடுத்த காரியமாக மட்கார்டையும் பிரேக்கையும் கழற்றிப் பரணில் போட்டுவிடுவோம். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் அப்படி. ஐப்பசியில் ஒரு மழை பெய்தால் போதும், மண் களியாகி டயரில் ஏறி, பிரேக் கட்டையில் அடைத்துக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். அதற்குப் பிறகு நாம் சைக்கிளில் போக முடியாது, சைக்கிள்தான் நம் தோளில் வரும். அப்படித் தூக்கி நடந்தவனுக்குப் பிரேக் மேல் பக்தி வராது. நிற்க வேண்டுமானால் செருப்புக் காலை முன்சக்கரத்தில் வைத்து அழுத்துவோம். மேடு பள்ளமே இல்லாத சீமையில் மிதிப்பதை விட்டாலே வண்டி தானாக நிற்கும்.

அருப்புக்கோட்டையில் சைக்கிள் கடைக்காரர் ஒருவர், “பிரேக் இல்லாமப் போனா செத்துப் போவீக” என்று எச்சரித்தார். அவர் டவுனில் பிறந்தவர், பாவம், அவருக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டோம்.

அப்படியொரு சைக்கிளில்தான் நான் பெண் கேட்க மலைக்கணவாய் வரைக்கும் போனேன். எழுபதுகள் தொடங்கியிருந்த சமயம். பெண் வேறு யாருமல்ல, அத்தை மகள். எங்கள் பக்கம் மிளகாய் வத்தல் வாங்க வந்த வியாபாரி ஒருவருக்கு அப்பாவின் தங்கையைக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் செங்கோட்டைக்கு அப்பால், மலையடிவாரத்தில் உள்ள புளியரைக்குப் போய்விட்டாள். அவள் மகளை ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். என் இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டே, “வந்து கேக்க வேண்டியதுதான, பாத்துக்கிட்டே இருந்தா ஆச்சா?” என்றாள். அதோடு எனக்கு வேறு யோசனை இல்லாமல் போயிற்று.

தடை அத்தைதான். அப்பா ஆள் விட்டுக் கேட்டபோது, “அந்தத் தண்ணியில்லாக் காட்டுக்கு எம்புள்ளைய அனுப்ப மாட்டேன்” என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். வெளியூர்க்காரர்கள் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம், அவர்கள் எப்போதும் சொல்வதுதான். இதே காட்டில் பிறந்து வளர்ந்தவள் சொன்னதை அப்பாவால் தாங்க முடியவில்லை. தங்கையோடு பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டார். அப்பா அப்போது ஊர்ப் பஞ்சாயத்துகளில் மேல்துண்டைத் தட்டிவிட்டு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறவர். அவருடைய தீர்ப்பை மாற்ற மேல் கோர்ட்டே கிடையாது.

ஆவணியில் அத்தை மகளுக்கு வேறு இடத்தில் நிச்சயம் செய்யப்போகிறார்கள் என்று சேதி வந்தபோது ஆடி பிறந்துவிட்டது. பருத்தி விதை பார்க்க விருதுநகர் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். துணைக்குப் பெரியப்பா மகன். என்னைவிடச் சில மாதம் மூத்தவன், அண்ணன் என்று கூப்பிடச் சொல்வான், நான் ஏலே என்பேன். அவனுக்கு என் கல்யாணத்தில் எந்த அக்கறையும் இல்லை. குற்றாலத்தில் சீசன் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். நாங்கள் மேற்கே போனோம். இந்தச் சின்ன விஷயத்தை இருவருமே யோசிக்கவில்லை. குமாரலிங்கபுரம் தாண்டுவதற்குள் வேட்டி தலைக்கு மேல் பறந்தது, ரோட்டோரம் களை எடுத்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். காற்றுக்கு மறைவாக இருக்கட்டுமென்று பருத்தி லோடு ஏற்றிய ஒரு லாரியின் பின்சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனோம். சிவகாசிக்கு முன்னால் லாரி திடீரென்று நின்றது. லாரிக்குப் பிரேக் இருந்தது. அண்ணன் பருத்திப் பொதியில் முகம் புதைந்து நின்றான். லாரி டிரைவர் இறங்கி வந்து எங்கள் இருவரின் பிறப்பைப் பற்றியும் விரிவாகப் பேசினார்.

ராஜபாளையத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் படுத்து எழுந்து மறுபடியும் மிதித்தோம். கடையநல்லூர் தாண்டியதும் பூமி நிறம் மாறியது. ரோட்டின் இரண்டு பக்கமும் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, கேட்பாரில்லை. ஒரு ஆள் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் மாப்பிள்ளைக்கே அவ்வளவு தண்ணீர் கிடைக்காது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அண்ணன் வாய்க்கால் வாய்க்காலாக இறங்கிக் கால் கழுவினான்.

புளியரையில் அத்தை எங்களைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். சோறு போட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், “எத்தன நாளு வேணும்னாலும் இருங்க. பொண்ணு கேக்க மட்டும் கேக்காதீக” என்றாள். உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் வேண்டுமென்றே விழுந்தது.

மாமா ஒரு காரியமாகக் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு போயிருந்தார். அவரிடமே கேட்டுவிடுகிறேன் என்று மலையேறினேன். ஆடிக்காற்றை எதிர்த்து வந்தவனுக்கு மலை என்ன பெரிய விஷயம், அசையாமல் நிற்கிற காற்றுதானே என்று நினைத்தேன். முதல் வளைவிலேயே இறங்கித் தள்ள ஆரம்பித்தோம். சாரல் முகத்தில் அடித்தது. பாதி மலையில் எதிரே இறங்கிய பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒருவர் கையை ஆட்டினார். “ஏலே, நம்ம மாமால்லா போறாக!” என்றான் அண்ணன். பஸ் போய்விட்டது.

திரும்பினோம். அப்போதுதான் கீழே பார்த்தேன். ஈர ரோடு வளைந்து வளைந்து பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டே போனது. அருப்புக்கோட்டைக் கடைக்காரரின் முகம் தெளிவாக ஞாபகம் வந்தது. செருப்பை டயரில் வைத்துப் பார்த்தேன், சோப்பில் வைத்தது மாதிரி வழுக்கியது. தள்ளிக்கொண்டே இறங்கியிருக்கலாம். ஆனால் அதற்குள் மாமா வீட்டுக்குப் போய்விடுவார், அத்தை அவரைச் சரிக்கட்டிவிடுவாள். காற்றில் முறிந்து ரோட்டோரம் கிடந்த பெரிய கிளைகளை அண்ணன் இழுத்து வந்தான். குடம் கட்டுகிற கயிறு எப்போதும் என் கேரியரில் சுற்றியே இருக்கும். அதை இரண்டாக அறுத்து ஆளுக்கொரு கிளையைப் பின்னால் கட்டிக்கொண்டு இறங்கினோம்.

மாடு ஏர் இழுத்த மாதிரிக் கிளைகள் ரோட்டைக் கீறிக்கொண்டு வந்தன. வேகம் கட்டுப்பட்டது, சத்தம் கட்டுப்படவில்லை. ஒரு வளைவில் நின்றிருந்த வனக் காவலர், “யாருவே மரத்த வெட்டிட்டுப் போறது?” என்று கத்திக்கொண்டு துரத்தினார். அவர் சைக்கிளில் பிரேக் இருந்தது, அதைப் பிடித்துப் பிடித்து வந்ததால் பின்தங்கிவிட்டார். நாங்கள் இலை தழையோடு புளியரைத் தெருவுக்குள் நுழைந்தோம். சரியாக அத்தை வீட்டு வாசலில் என் கேரியர் இரண்டாகப் பிய்ந்து, மரத்தோடு தனியாகப் போயிற்று.

தெருவே கூடிவிட்டது. காவலர் வந்து என் சட்டையைப் பிடித்தார். அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இத்தனை வருஷம் மலையடிவாரத்தில் வாழ்ந்து சேர்த்த பேச்செல்லாம் உதிர்ந்துபோய், எங்கள் ஊர்ப் பேச்சு அப்படியே வந்தது.

“ஐயா, இவுக ஊருல மரமே கெடையாது. மரத்தக் கண்டா என்ன செய்யிறதுன்னு தெரியாத பயலுக. காத்துல விழுந்த கொப்பு, நீங்களே பாருங்க, எங்கயாச்சும் வெட்டு இருக்கா?”

காவலர் முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கிளைகளை ஓரமாகப் போடச் சொல்லிப் போனார். அத்தை குனிந்து என் கேரியரை எடுத்தாள். கம்பிகள் துருவேறி, கை வைத்தால் பொடிகிற நிலையில் இருந்தன.

“மத்ததெல்லாம் நல்லாத்தான இருக்கு. இது மட்டும் ஏன் இப்படி இத்துப்போச்சு?”

“தண்ணிக் கொடம் சிந்திச் சிந்தி அப்படி ஆயிருச்சு அத்த,” என்றான் அண்ணன். “சித்திக்கு இடுப்பு போனதுலருந்து இவந்தான் குண்டாத்து ஊத்துக்குப் போறான். காலையிலயும் போறான், சாயங்காலமும் போறான்.”

இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் ஆம்பளை குடத்தை உடம்பில் வைத்தால் கேவலம், சைக்கிளில் வைத்தால் அது லோடு. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியில் மொண்டு மொண்டு நிரப்பி, வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்ப்பது பெண்களின் வேலை. எனக்குச் சைக்கிள் இருந்தது, அதனால் பிழைத்தேன்.

அத்தை கேரியரைக் கையில் வைத்துக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்த மாமா என்னவோ கேட்டார், அவள் காதில் விழவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: “எங்கண்ணன் எனக்காக ஒரு நாளு, ஒரே ஒரு கொடம் தூக்கியிருந்தாகன்னா, நான் எதுக்குய்யா இம்புட்டுத் தூரம் வாக்கப்பட்டு வரப்போறேன்? தண்ணி இருக்கிற ஊருன்னு ஒரே காரணத்துக்குத்தான் சரின்னேன். மாப்பிள்ள மொகத்தக் கூடப் பாக்கல.”

மாமா தன் முகத்தைத் தடவிக்கொண்டார்.

“உங்கப்பாவ வந்து கேக்கச் சொல்லு” என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்தவள், “மரத்த எடுத்துட்டு வர வேண்டாம்னு சொல்லும்மா” என்றாள்.

குற்றாலத்தில் அண்ணன் அருவியை விட்டு வர மறுத்தான், அவனை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். ஊருக்கு வந்ததும் அத்தை சொன்னதை அப்பாவிடம் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அடிக்க வந்தால் ஓடத் தோதாக வாசல் பக்கம் நின்றுகொண்டு சொன்னேன். அவர் அன்று ராத்திரி திண்ணையிலேயே படுத்துக்கொண்டார். சாப்பிடவும் இல்லை.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் ஒரு குடத்தைக் காணோம். தெருமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அப்பா குடத்தைத் தோளில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. பின்னால் ஊற்றிலிருந்து வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். என் வயதுப் பையன்கள் வாயைப் பொத்தவே இல்லை.

“இடுப்புல வைங்க, சிந்தாது” என்றாள் அம்மா, வாசலிலிருந்து.

அப்பா குடத்தை இறக்கினார். பாதிதான் இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே அதையே பார்த்தார்.

“இதையா அவ சின்னப் புள்ளையில தெனமும் தூக்குனா?”

“நானுந்தான்” என்றாள் அம்மா.

அப்பா குனிந்து வேட்டியைப் பிழிந்தார். பிறகு என்னிடம் செங்கோட்டைக்கு எத்தனை மணிக்குப் பஸ்ஸு என்று கேட்டார்.