பப்பாளிக்காய் போட்ட கறி

சித்தப்பாவுக்கு வேறு பெண் பார்க்கப் போகிறார்களாம். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் அன்று குன்றத்தூர் அத்தை வருவது அதைப் பேசி முடிக்கத்தானாம். எங்கள் ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்திராத காலம் அது. ஆனாலும் சேதி மட்டும் பஸ்ஸுக்கு முன்னால் வந்துவிடும். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் சித்திக்குக் குழந்தை இல்லை. அவளை மணிமங்கலத்துக்கே, தாய்வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று காதில் விழுந்ததிலிருந்து எனக்குச் சோறே இறங்கவில்லை. தலை பின்னிவிடவும் அம்மாவின் அடிக்குப் பயந்து ஒளியவும் எனக்கு அவளைவிட்டால் யார்?

அத்தை வந்தாள். அப்பா வாங்கி வந்ததோ கிழட்டுக் கிடாவின் கறி. பார்த்ததுமே அம்மாவுக்குப் பகீரென்றது. கொல்லைக்கு ஓடிப் பப்பாளிக்காய் பறித்து, பால் சொட்டச் சொட்ட நறுக்கிக் கறியோடு பிசைந்து ஊறவைத்தாள். அந்தப் பாலில் உள்ள நொதி இறைச்சியின் புரதத்தைத் துண்டு துண்டாக அறுத்துவிடும் என்றும், வேறு நொதிகள் அப்படிப்பட்ட துண்டுகளைக் கோத்து உடம்பையே கட்டுகின்றன என்றும் பிற்பாடு பள்ளியில் படித்தேன். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் கறி பஞ்சாக வெந்தது என்பதுதான்.

பந்தியில் சித்தி கறியைத் தொடவில்லை. வெறும் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். கோபத்தில்தான் சாப்பிடாமல் இருக்கிறாள், அத்தை பார்த்தால் தொலைந்தது! "ஒரே ஒரு துண்டு துன்னு சித்தி" என்று வாயருகே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அத்தை பார்த்துவிட்டாள். "இன்னாடி, எங்க வூட்டுக் கறி உனக்கு எறங்காதா?"

சித்தி நிமிரவில்லை. "பப்பாளிக்கா போட்டுக்கீது அண்ணி."

பிள்ளை உண்டானவள் பப்பாளிக்காயைத் தொட்டால் கலைந்துவிடும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் மனதில் ஊறிய பயம். எனக்கு அது எங்கே தெரியும்?

"அடிப்பாவி, வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"நெலைக்குமோ நெலைக்காதோன்னு பயமா கீது அண்ணி" என்று சித்தி அழுதாள். அத்தையும் மூக்கைச் சிந்தினாள். உடனே அம்மாவின் பக்கம் திரும்பி, "புள்ளத்தாச்சி கீற வூட்டுல பப்பாளிய நறுக்கினுகீறியே, அறிவு கீதா உனக்கு?" என்று ஒரு பிடி பிடித்தாள். அம்மா அதற்கும் அழுதுகொண்டே சிரித்தாள்.

இத்தனை அழுகையைப் பார்த்து எனக்கு உயிரே இல்லை. முடிவாகிவிட்டது, சித்தியை அனுப்பத்தான் போகிறார்கள். சித்தியின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்ட நான், அத்தை பஸ் ஏறிய பிறகும் விடவில்லை. சித்தி இனி எங்கேயும் போகமாட்டாள் என்று அந்த வீட்டில் தெரியாமல் இருந்தது எனக்கு மட்டும்தான்.